பைஸ்டார்ம் போட்ட அமிகா மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

அமிகா 500 என்ற பழைய வீட்டுக் கணினியில் இருக்கும் 68000 என்ற மோட்டரோலா சிபியு சிப்பைக் கழற்றிவிட்டு, அந்த சாக்கெட்டில் பைஸ்டார்ம் போர்டைச் செருகி, அதன் தலையில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியை (இனி வெறும் 'பை') உட்கார வைக்கிறோம். பை தன்னை மோட்டரோலா சிப் என்று சொல்லிக்கொள்கிறது. சுற்றியிருக்கும் மற்ற சிப்கள் அதை நம்பி, 1987-இல் செய்த வேலையையே இன்றும் செய்கின்றன. எல்லாம் சரியாக அமைந்தால் இது அழகான ஏமாற்று வேலை. அமையாத அன்று கறுப்புத் திரைதான்.

எனக்கும் நண்பர்களுக்குமாக இப்படிப் பத்துப் பன்னிரண்டு இயந்திரங்களில் போட்டிருக்கிறேன். பாதிக்கு மேல் முதல் தடவையில் ஓடவில்லை. ஆனால் பைஸ்டார்ம் போர்டே கெட்டுப்போயிருந்தது ஒரே ஒரு முறைதான். மற்றதெல்லாம் லூஸ் கான்டாக்ட், மின்சாரம், மெமரி கார்டு. அதனால் கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும், மலிவான சந்தேகத்தை முதலில் தீர்த்துவிட்டு அப்புறம் அடுத்ததற்குப் போங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மெல்லிய பிரஷ், இன்னொரு மெமரி கார்டு. கழற்றிய பழைய 68000-ஐத் தொலைத்துவிடாதீர்கள். இந்த வேலையில் அதைவிட நல்ல சோதனைக் கருவி கிடையாது.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை: பழைய சிப்பைத் திரும்பப் போடுங்கள்

மின்சாரத்தை நிறுத்துங்கள். அமிகா 500-க்கு சுவிட்ச் பவர் சப்ளைப் பெட்டியில்தான் இருக்கிறது; சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கையும் பிடுங்குங்கள். பைஸ்டார்மை எடுக்கும்போது ஒரு முனையை மட்டும் நெம்பாதீர்கள். தட்டை ஸ்க்ரூடிரைவரை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி நுழைத்துத் தூக்குங்கள். பழைய சிப்பின் பள்ளம் மதர்போர்டில் அச்சிட்டிருக்கும் பள்ளத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் செருகுங்கள்.

* கை ஒன்று ஃபிளாப்பியைப் பிடித்திருக்கும் படமோ, உங்கள் கிக்ஸ்டார்ட்டின் (அமிகாவை எழுப்பும் ரோம் நிரல்) வழக்கமான படமோ வந்தால் அமிகா நலம். கீழே தொடருங்கள்.
* வராவிட்டால் கோளாறு அமிகாவில். பைஸ்டார்மை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

இரண்டாவது முடிவுக்கு வருமுன் ஒரு சந்தேகம் கேளுங்கள். சில பைஸ்டார்ம் போர்டுகளில் தடித்த சதுரக் கால்கள் சால்டர் செய்யப்பட்டிருக்கும். அவை சாக்கெட்டின் உள்தகடுகளை அகட்டிவிடும். அப்புறம் மெல்லிய காலுள்ள அசல் சிப்பைப் போட்டால் அது தொளதொளவென்று நிற்கும், ஓடாது. சிப்பை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு போட்டால் ஓடுகிறதா? அப்படியானால் அமிகா நலம், சாக்கெட்தான் நோயாளி. இனி போர்டு செய்யக் கொடுப்பவர்கள் வட்டமான மெல்லிய கால்களையே கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி 1: திரை கறுப்பு, எதுவுமே நடக்கவில்லை

முதலில் ஒரு நிமிடம் பொறுங்கள். பையை 68000 போல நடிக்க வைக்கும் நிரல்தான் எமுலேட்டர். லினக்ஸ் மேல் ஓடும் எமுலேட்டரைப் போட்டிருந்தால், லினக்ஸ் எழுந்து உட்காரும்வரை அமிகாவுக்குச் சிபியு என்று ஒன்று இல்லை. அரை நிமிடத்துக்கும் மேல் கறுப்பாக இருப்பது இயல்பு. லினக்ஸ் இல்லாமல் நேரடியாக ஓடும் எமு68 என்றால் சில நொடிகள்தான். அதற்கு மேல் கறுப்பாக இருந்தால் கோளாறு.

இனி இரண்டு இடங்களைப் பாருங்கள்: பையின் விளக்குகள், அமிகாவின் பவர் விளக்கு.

*பையின் சிவப்பு விளக்கு எரியவில்லை, அல்லது அணைந்து அணைந்து எரிகிறது*

பை 3ஏ+ போன்றவற்றில் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் சிவப்பு விளக்கு அணைந்துவிடும். மல்டிமீட்டர் எடுக்காமலே கிடைக்கும் தகவல் இது. (ஜீரோ 2 டபிள்யூ-வில் இந்தச் சிவப்பு விளக்கு இல்லை, மீட்டர்தான் வழி.) பையின் 40 கால் வரிசையில் 2-ஆம் காலுக்கும் 6-ஆம் காலுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 4.9-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 4.75-க்குக் கீழே என்றால் பை மட்டுமல்ல, அமிகாவின் சிப்களும் பட்டினி.

* சதுர பவர் பிளக்கை நான்கைந்து முறை கழற்றிச் செருகுங்கள். பழைய பிளக்கில் படியும் ஆக்சைடு இதிலேயே பாதி போய்விடும்.
* வெளி ஃபிளாப்பி டிரைவ், கூடுதல் மெமரி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். ஏறினால், பவர் சப்ளைக்குச் சுமை தாங்கவில்லை.
* அப்படியும் ஏறாவிட்டால் பவர் சப்ளையை மாற்றுங்கள். அதைத் திறந்து நோண்ட வேண்டாம். உள்ளே வீட்டு மின்சாரம் நேராக வருகிறது. அது தெரிந்தவர் கையில் போக வேண்டிய பெட்டி.

மின்னழுத்தம் குறைகிறதே என்று பையின் யுஎஸ்பி துளை வழியாக இன்னொரு சார்ஜரை மாட்டாதீர்கள். இரண்டு மூலங்கள் ஒன்றோடொன்று மோதும். அமிகா அணைந்திருக்கும்போது மின்சாரம் பின்வழியாக அதற்குள் போகும்.

சிவப்பு விளக்கு சுத்தமாகவே எரியாமல், பை சூடாகவும் இருந்தால் உடனே அணையுங்கள். பையை ஒரு வரிசை தள்ளிச் செருகியிருக்கலாம். 40 காலும் 40 துளைக்குள் போயிருக்கிறதா என்று பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். பையின் கால்கள் 3.3 வோல்ட் தாங்குபவை. 5 வோல்ட் தப்பான காலில் ஏறினால் அந்தப் பை பிழைப்பது கஷ்டம்.

*சிவப்பு சரி, பச்சை விளக்கு ஒரே கணக்கில் சிமிட்டுகிறது*

எண்ணுங்கள்.

* 4 சிமிட்டல்: கார்டில் ஸ்டார்ட் கோப்பு கிடைக்கவில்லை.
* 7 சிமிட்டல்: கெர்னல் கோப்பு கிடைக்கவில்லை. எமு68-இல் இது பெரும்பாலும் கான்ஃபிக் கோப்பில் எழுதிய பெயரும் கார்டில் இருக்கும் கோப்பின் பெயரும் ஒத்துப்போகாததால் வருவது. பதிப்பை மாற்றியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.
* சிமிட்டலே இல்லை: பை கார்டைப் படிக்கவே இல்லை. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் வடிவில் வருகின்றன. பைக்கு முதல் பார்ட்டிஷன் ஃபேட்32-ஆக இருக்க வேண்டும். புதிதாக வடிவமைத்து, கோப்புகளை மறுபடி ஏற்றுங்கள். அதற்கும் படியாவிட்டால் வேறு கார்டு.

எமு68-க்கு 64 பிட் பை வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் தலைமுறை ஜீரோவைச் செருகிவிட்டு இரவு முழுக்க கார்டை மாற்றிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

*இரண்டு விளக்கும் சரி, அமிகாவின் பவர் விளக்கு மங்கலாகவே இருக்கிறது*

அமிகா 500-இன் பவர் விளக்கு போட்டவுடன் மங்கலாக எரிந்து, கிக்ஸ்டார்ட் தன் வேலையைத் தொடங்கியதும் பளிச்சென்று ஆகும். மங்கலிலேயே நின்றால், சிபியு ஒரு கட்டளைகூட உருப்படியாக ஓட்டவில்லை என்று பொருள்.

முதல் சந்தேகம் கிக்ஸ்டார்ட் ரோம் கோப்பு. அதன் அளவைப் பைட் கணக்கில் பாருங்கள். 1.3 என்றால் 262144, 3.1 என்றால் 524288. 524299 என்று காட்டினால் முன்னால் 11 பைட் தலைப்பு ஒட்டியிருக்கிறது. அது பூட்டப்பட்ட ரோம். கூடவே வந்த சாவிக் கோப்பால் திறந்துதான் பயன்படுத்த முடியும். அளவு சரியாக இருந்தும் ஓடாவிட்டால் பைட்டுகள் இரண்டிரண்டாக இடம் மாறிய பிரதியாக இருக்கலாம். ரோம் சிப் எரிப்பதற்காகத் தயாரித்த கோப்புகள் அப்படித்தான் இருக்கும். எமு68-இல் இந்தச் சந்தேகத்தை ஒரு நொடியில் தீர்க்கலாம்: கான்ஃபிக் கோப்பில் ரோமை ஏற்றும் வரிக்கு முன் ஒரு வேலிக்குறி (#) போட்டு அதை ஊமையாக்குங்கள். அப்போது மதர்போர்டில் உள்ள அசல் ரோம் சிப்பே பயன்படும். அதில் எழுந்தால் குற்றவாளி கோப்புதான்.

அடுத்த சந்தேகம் சாக்கெட். அதை அடுத்த அறிகுறியில் விரிவாகச் சொல்கிறேன்; அதே சோதனைகள்தான்.

*மானிட்டர் "சிக்னல் இல்லை" என்கிறது*

இது கறுப்புத் திரை அல்ல, வேறு நோய். சிபியு இல்லாவிட்டாலும் அமிகாவின் வீடியோ சிப்கள் ஒத்திசைவு சிக்னலை அனுப்பிக்கொண்டிருக்கும். சிக்னலே இல்லை என்றால் கேபிள், மானிட்டர், அல்லது அமிகாவின் வீடியோ பகுதி. பழைய சிப்பைப் போட்டு உறுதி செய்துகொண்டு அந்த வழியில் போங்கள்.

அறிகுறி 2: திரை ஒரே நிறத்தில் நின்றுவிடுகிறது

நிறம் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. கிக்ஸ்டார்ட் ஓடத் தொடங்கி, எதிலோ தடுக்கி, அதை நிறத்தில் சொல்லிவிட்டு நிற்கிறது.

*பச்சை: சிப் ரேம் சோதனையில் தோல்வி*

சிப் ரேம் என்பது சிபியுவும் அமிகாவின் படம், ஒலிச் சிப்களும் பகிர்ந்துகொள்ளும் மெமரி. என்னிடம் வந்த இயந்திரங்களில் மிக அதிகம் இதுதான். பத்துக்கு எட்டு முறை ரேம் நன்றாகவே இருக்கும்; ரேமுக்கும் பைக்கும் நடுவே உள்ள ஏதோ ஒரு கால் ஒட்டவில்லை.

1. அடிக்கதவில் செருகியிருக்கும் மெமரி அட்டையைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். பச்சை போய்விட்டால் அந்த அட்டையின் கனெக்டரைத் துடையுங்கள். அட்டை மேல் தகரப் பெட்டி இருந்தால் திறந்து பேட்டரியைப் பாருங்கள். கடிகாரத்துக்காக வைத்த ரீசார்ஜ் பேட்டரி ஒழுகிப் பச்சை பூத்திருக்கும். ஒழுகினாலும் ஒழுகாவிட்டாலும் அதை வெட்டி எறிந்துவிடுங்கள்.
2. பைஸ்டார்மை நான்கு மூலையிலும் சமமாக அழுத்துங்கள். சில மதர்போர்டுகளில் பக்கத்தில் உள்ள கெபாசிட்டர் இடித்து ஒரு முனை தூக்கி நிற்கும். இடையில் இன்னொரு 64 கால் சாக்கெட்டை வைத்து உயர்த்தினால் தீரும். ஆனால் கீபோர்டு இடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் அடித்தகடு உலோகம். காப்பு டேப் ஒட்டாமல் மூடாதீர்கள்.
3. போர்டை எடுத்து, 64 கால்களையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சாக்கெட்டை ஆல்கஹாலும் பிரஷும் வைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள்.
4. சிப் ரேமை நிர்வகிக்கும் சதுரமான ஆக்னஸ் சிப்பைக் கட்டை விரலால் அதன் சாக்கெட்டுக்குள் அழுத்துங்கள். ஆண்டுக்கணக்கில் சூடாகிக் குளிர்ந்து அது மெல்ல மேலே ஏறியிருக்கும்.

இத்தனைக்கும் மசியாவிட்டால் லினக்ஸ் பதிப்போடு வரும் பப்டெஸ்ட் என்ற மெமரி சோதனையை ஓட்டுங்கள். நான் எமு68-தான் பயன்படுத்துகிறேன். ஆனாலும் இந்த ஒரு சோதனைக்காகவே லினக்ஸ் ஏற்றிய கார்டு ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன். அது சிப் ரேமில் எழுதி, திரும்பப் படித்து, மாறினால் என்ன எழுதியது, என்ன படித்தது என்று இரண்டையும் காட்டும். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

* வித்தியாசம் எப்போதும் ஒரே பிட்: ஒரு டேட்டா கால் ஒட்டவில்லை.
* தினுசு தினுசாக மாறுகிறது: முகவரிக் கால், அல்லது மின்சாரம், அல்லது பைஸ்டார்ம் போர்டுக்குள் எழுதும் ஃபர்ம்வேர் (எட்டாம் அறிகுறி).
* முதல் ஐந்து நிமிடம் பிழையில்லை, அப்புறம் கொட்டுகிறது: சூடு. மூன்றாம் அறிகுறிக்குப் போங்கள்.

ஒரே பிட் என்றால் எந்தக் கால் என்பதையும் கண்டுபிடித்துவிடலாம். 68000-இல் டேட்டா பிட் 0 முதல் 4 வரை உள்ளவை 5, 4, 3, 2, 1 என்று இறங்குவரிசைக் கால்களில் இருக்கின்றன. பிட் 5 எதிர்ப்பக்கம் 64-ஆம் கால். அங்கிருந்து ஒவ்வொன்றாகக் குறைந்து பிட் 15 என்பது 54-ஆம் கால்.

என் சொந்த அமிகாவிலேயே இது நடந்தது. மூன்று சனிக்கிழமை பச்சைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபர்ம்வேரை மூன்று முறை எழுதினேன், ரேம் சிப்கள்கூட வாங்கி வைத்துவிட்டேன். கடைசியில்தான் பப்டெஸ்ட் வரிகளை உட்கார்ந்து படித்தேன். எழுதியதற்கும் படித்ததற்கும் எப்போதும் பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) 0400 வித்தியாசம். அது பிட் 10. அதாவது 59-ஆம் கால். போர்டைத் தூக்கிப் பார்த்தால், அந்தக் கால் துளைக்குள் போகாமல் உள்பக்கம் மடங்கி, போர்டின் வயிற்றோடு ஒட்டிப் படுத்திருந்தது. மேலிருந்து பார்த்தால் வரிசை ஒழுங்காகத் தெரியும். பக்கவாட்டில் டார்ச் அடித்தால்தான் நடுவே ஒரு பல் விழுந்த மாதிரி இடைவெளி. சாமணத்தால் நிமிர்த்தினேன். இரண்டாவது நிமிர்த்தலில் முறிந்தது. அந்தப் பக்கத்துக் கால் வரிசையையே மாற்றி சால்டர் செய்ய வேண்டி வந்தது. நீங்கள் நிமிர்த்தினால் ஒரே அசைவில் நிமிர்த்துங்கள். திருத்தித் திருத்தி வளைத்தால் உலோகம் தாங்காது.

கால் நேராக இருந்தும் அந்த பிட் ஒட்டாவிட்டால் மீட்டரைப் பீப் ஒலியில் வையுங்கள். பைஸ்டார்மின் அந்தக் காலுக்கும், மதர்போர்டின் அடியில் சாக்கெட்டின் அதே கால் சால்டர் புள்ளிக்கும் நடுவே பிடியுங்கள். ஒலித்தால் கோளாறு பைஸ்டார்ம் போர்டுக்குள். ஒலிக்காவிட்டால் சாக்கெட்டின் உள்தகடு தளர்ந்திருக்கிறது. சாக்கெட்டை மாற்ற வேண்டும். 64 சால்டர் புள்ளிகளை உறிஞ்சி எடுக்கும் வேலை அது. சால்டர் உறிஞ்சும் நிலையம் இல்லாமல் வெறும் பற்றவைப்புக் கோலை வைத்து முயன்றால் போர்டின் செப்புத் தடங்கள் உரிந்து வரும். இந்த இடத்தில் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பழைய 68000 போட்டாலும் பச்சைதான் என்றால் ரேம் சிப்பே போயிருக்கலாம். ஐந்தாம் ரிவிஷன் மதர்போர்டில் ரேம் 16 சிப்களாக இருக்கும், ஆறாம் ரிவிஷனில் பெரும்பாலும் 4. போட்ட சில நிமிடங்களில் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அதுதான். இதுவும் சால்டர் வேலை.

*சிவப்பு: ரோம் கூட்டுத்தொகை (செக்சம்) பொருந்தவில்லை*

வேறு ரோம் கோப்பு. யாரோ திருத்திச் சேர்த்த கோப்புகளில் கூட்டுத்தொகையைச் சரி செய்ய மறந்திருப்பார்கள். அசல் ரோம் சிப்பைப் படிக்கும்போது சிவப்பு வந்தால் ரோம் சாக்கெட்டைத் துடைத்து, சிப்பை அழுத்துங்கள்.

*மஞ்சள்: எழும்போதே சிபியு தடுக்கி விழுந்தது*

பக்கவாட்டு ஹார்டு டிஸ்க் பெட்டி போன்ற துணைச் சாதனங்களைக் கழற்றுங்கள். ஓவர்கிளாக் வரிகள் இருந்தால் நீக்குங்கள். பின் சாக்கெட் சோதனை.

*நீலம்: கஸ்டம் சிப் கோளாறு*

அமிகாவுக்கென்றே செய்த ஆக்னஸ், டெனிஸ், பாலா சிப்கள் மூன்றையும் சாக்கெட்டுக்குள் அழுத்துங்கள். போகாவிட்டால் தெரிந்தவரிடம் மாற்றுச் சிப் வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் வழி.

அறிகுறி 3: எழுகிறது, பத்து இருபது நிமிடத்தில் உறைகிறது

மேசை மேல் திறந்தபடி வைத்தால் நாள் முழுக்க ஓடும். மூடியைப் போட்டுத் திருகியதும் பழையபடி வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும். இரண்டு காரணங்கள்: சூடு, மூடியின் அழுத்தம். சூட்டைத்தான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். நான் அழுத்தத்தை முதலில் பார்க்கச் சொல்வேன். மூடியின் எடையும் கீபோர்டும் சேர்ந்து பையை ஒரு பக்கம் அமுக்கும், கால் விலகும்.

* மூடியைத் திருகாமல் மேலே சும்மா வைத்து ஓட்டுங்கள். உறையவில்லை என்றால் அழுத்தம்தான். எங்கே இடிக்கிறது என்று பார்க்கச் சிறு களிமண் உருண்டையைப் பை மேல் வைத்து, மின்சாரம் இல்லாமல், மூடியைப் போட்டு எடுங்கள். நசுங்கியிருந்தால் இடம் தெரிந்துவிடும். பை 3பி-யின் யுஎஸ்பி, ஈதர்நெட் பெட்டிகள் உயரமானவை. 500-க்குள் 3ஏ+ போன்ற தாழ்வான பைகள்தான் ஒழுங்காக அடங்கும்.
* திறந்து வைத்தாலும் உறைகிறது என்றால் சூடு. லினக்ஸ் கார்டைப் போட்டு வெப்பநிலையைப் பாருங்கள். 3ஏ+ 60 டிகிரியிலேயே வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். ஒட்டும் வகைச் சிறு ஹீட்சிங்க் போதும். ஓவர்கிளாக் செய்திருந்தால் அதை எடுத்துவிட்டுப் பிறகு பேசுங்கள்.
* ஃபிளாப்பி மோட்டார் சுற்றத் தொடங்கும் நொடியில் உறைந்தால் அது சூடும் அல்ல, மூடியின் அழுத்தமும் அல்ல. மோட்டார் இழுக்கும்போது மின்னழுத்தம் சறுக்குகிறது. முன்பு சொன்ன 2, 6 கால்களில் மீட்டரை வைத்துக்கொண்டே டிஸ்க்கைப் போடுங்கள். எண் குதித்து இறங்குவது தெரியும். பவர் சப்ளையை மாற்றுங்கள்.

அமிகா 2000 வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அதன் மதர்போர்டில் கடிகாரப் பேட்டரி சிபியு சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒழுகிய திரவம் சாக்கெட்டுக்கு அடியில் போய், மேலே ஒன்றும் தெரியாமல் காலை அரித்துவிடும். நேரத்துக்கு ஒரு மாதிரி நடந்தால் அங்கே பாருங்கள். அரிப்பு செப்புத் தடங்கள்வரை போயிருந்தால் நிபுணரிடம்.

அறிகுறி 4: ஹெச்டிஎம்ஐ திரையில் ஒன்றும் வரவில்லை

இதைக் கோளாறு என்று சொல்லி எழுதுபவர்கள் அதிகம்; பாதிப் பேருக்குக் கோளாறே இல்லை. அமிகாவின் சொந்தத் திரை எப்போதும் போல ஆர்ஜிபி துளையில்தான் வரும். பையின் ஹெச்டிஎம்ஐ-யில் வருவது ஆர்டிஜி திரைகள் (அமிகாவின் வீடியோ சிப்களை விட்டுவிட்டு டிரைவர் வழியாக வரையப்படுபவை) மட்டும். அதற்கான பிக்காசோ96 டிரைவரை நிறுவி, ஒரு திரை முறையைத் தேர்ந்தெடுக்கும்வரை அங்கே அமிகாவின் டெஸ்க்டாப்பான ஒர்க்பெஞ்ச் வராது. கிக்ஸ்டார்ட் படமும் பெரும்பாலான விளையாட்டுகளும் அதில் வராது.

டிரைவர் நிறுவியும் கறுப்பாக இருந்தால், மானிட்டரை முதலில் போட்டுவிட்டு அப்புறம் அமிகாவைப் போடுங்கள். எழும்போது எதிரே மானிட்டர் இல்லாவிட்டால் பை ஹெச்டிஎம்ஐ-யைத் திறக்காமல் விட்டுவிடும். ஒவ்வொரு முறையும் வரிசை பார்த்துப் போட அலுப்பாக இருந்தால் கான்ஃபிக் கோப்பில் ஹாட்பிளக்கைக் கட்டாயமாக்கும் வரியை 1 ஆக்குங்கள்.

அறிகுறி 5: கார்டில் உள்ள ஹார்டு டிஸ்க் பார்ட்டிஷன் தெரியவில்லை

எமு68-இல், அமிகாவுக்கென்று ஒதுக்கும் பார்ட்டிஷனின் வகை எண் பதினாறடிமான 76-ஆக இருக்க வேண்டும். வேறு வகை என்றால் அது தனி டிஸ்க்காகத் தெரியாது. எண் சரியாக இருந்தால், டிஸ்க்கைப் பிரிக்கும் கருவியான ஹெச்டி டூல்பாக்ஸ் ஐகானின் டூல்டைப்பில் (ஐகானுக்குள் எழுதும் அமைப்பு வரி) எந்த டிவைஸ் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பழைய ஸ்கஸி டிவைஸ் பெயரே இருந்தால் அது பையின் கார்டைத் தேடவே தேடாது. எமு68-இன் கார்டு டிவைஸ் பெயரை அங்கே எழுத வேண்டும்.

தெரிந்த பிறகு அவசரப்படாதீர்கள். யூனிட் 0 என்பது முழுக் கார்டு. உங்கள் பார்ட்டிஷன் யூனிட் 1. யூனிட் 0-இல் புதிய டிஸ்க் அமைப்பை எழுதினால் பை எழுவதற்கான கோப்புகள் இருக்கும் பகுதியும் சேர்ந்து போய்விடும். அப்புறம் முதல் அறிகுறிதான், சிமிட்டல் இல்லாத பச்சை விளக்கோடு.

சில நாள் நன்றாக இருந்து கோப்புகள் சிதைந்தால், அமிகா ஓஎஸ் 3.1-இன் பழைய ஃபைல் சிஸ்டத்தைக் கொண்டு 4 ஜிபி எல்லையைத் தாண்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். எல்லைக்குள் சுருக்குங்கள், அல்லது பிஎஃப்எஸ்3 என்ற ஃபைல் சிஸ்டத்துக்கு மாறுங்கள்.

அறிகுறி 6: எல்லாம் ஓடுகிறது, விளையாட்டுகள் மட்டும் உடைகின்றன

வேகம்தான் காரணம். 7 மெகாஹெர்ட்ஸ் சிப்பை நம்பி எழுதியவர்கள் காத்திருக்க வேண்டிய இடங்களில் காத்திருக்கவில்லை.

* படத்தில் துண்டு துண்டாகக் குப்பை: படத்துண்டுகளை நகலெடுக்கும் பிளிட்டர் முடிக்குமுன் நிரல் அடுத்த வேலையைக் கொடுக்கிறது. எமு68-இன் அமைப்புக் கருவியில் பிளிட்டருக்காகக் காத்திருக்கச் சொல்லும் தேர்வை இயக்குங்கள்.
* பாட்டில் சில சுரங்கள் விழுங்கப்படுகின்றன: பழைய இசை நிரல்கள் வெறும் எண்ணிக்கைச் சுழலை வைத்துத் தாமதம் உண்டாக்கின. அதே கருவியில் அந்தச் சுழலை மட்டும் மந்தப்படுத்தும் தேர்வு இருக்கிறது.
* மொத்தமே கண்மண் தெரியாத வேகம்: சிப் ரேமிலிருந்து ஓடும் நிரலை மந்தப்படுத்தும் தேர்வு.
* தொடக்கத்திலேயே விழுகிறது: ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஓடும்படி மாற்றிய டபிள்யூஹெச்டிலோடு வடிவில் அந்த விளையாட்டு கிடைத்தால் அதைப் போடுங்கள், கேஷை அணைக்கும் தேர்வையும் முயலுங்கள்.

அமிகாபேசிக் விழுந்தால் எதுவும் செய்ய முடியாது. அது 32 பிட் முகவரியின் மேல் 8 பிட்டைச் சொந்தக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறது.  எம்எம்யு (மெமரி முகவரிகளை மாற்றிக் கொடுக்கும் சிபியு பகுதி) கேட்கும் நிரல்களும் அப்படியே. எமு68-இல் எம்எம்யு கிடையாது.

அறிகுறி 7: அமிகாவுக்குள் மேக் எழ மறுக்கிறது

பை 68040-ஆக நடிக்க, அந்த அமிகா ஷேப்ஷிஃப்டர் என்ற மேக் எமுலேட்டரைப் போட்டுக்கொண்டு மேகின்டாஷாக நடிக்கும். நடிப்புக்குள் நடிப்பு என்பதால் ஆளுக்காள் பயப்படுவார்கள். ஆனால் இங்கே வரும் கோளாறுகள் எல்லாம் எளியவை.

* ஷேப்ஷிஃப்டர் மெமரி பற்றிப் புலம்புகிறது: அதோடு வரும் பிரிப்பேர்எமுல் நிரலை ஸ்டார்ட்அப் கோப்பின் முதல் வரியாக வையுங்கள். முதல் தடவை அது ஒரு முறை தானே ரீசெட் செய்யும், பயப்பட வேண்டாம்.
* மேக் ரோமை ஏற்க மறுக்கிறது: கோப்பு 512 கேபி அல்லது 1 எம்பி அளவில் இருக்கிறதா என்று பாருங்கள்.
* ஃபிளாப்பிப் படத்தில் கேள்விக்குறி சிமிட்டுகிறது: மேக் நலம், அதற்குச் சிஸ்டம் டிஸ்க்தான் கிடைக்கவில்லை. டிஸ்க் கோப்பின் பாதையைச் சரிபாருங்கள். 8.1-க்கு மேற்பட்ட மேக் ஓஎஸ் பவர்பிசி என்ற வேறு சிபியுவுக்கானது. அது இதில் எழாது.
* எழுந்து சிறிது நேரத்தில் விழுகிறது: மேக்குக்குள் விர்ச்சுவல் மெமரியை அணையுங்கள்.

அறிகுறி 8: ஃபர்ம்வேர் எழுதும்போது "தோல்வி" என்று வருகிறது

பைஸ்டார்மை அமிகாவிலிருந்து எடுத்து, பையோடு மட்டும் இணைத்து, பைக்கு அதன் சொந்தச் சார்ஜரைக் கொடுத்து மேசை மேல் வைத்து எழுதுங்கள். இந்த ஒரு வேலைக்கு அமிகா தேவையில்லை. யுஎஸ்பி சார்ஜரை மாட்டலாம் என்று நான் சொல்லும் ஒரே இடமும் இதுதான்.

போர்டில் இருக்கும், ஃபர்ம்வேர் ஏறும் சிப்பான சிபிஎல்டி-யின் மேல் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். 240 ஒரு வகை, 570 இன்னொரு வகை. ஒன்றுக்கான கோப்பு மற்றதில் ஏறாது. எண் சரியாக இருந்தும் சிப்பையே கண்டுபிடிக்கவில்லை என்று வந்தால் 40 கால் வரிசையின் சால்டர் புள்ளிகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பளபளப்பாகக் கூம்பு போல இருந்தால் நல்லது. மங்கலாக, உருண்டையாக, காலைச் சுற்றி மெல்லிய வளையக் கோடு தெரிந்தால் அது ஒட்டாத சால்டர். கொஞ்சம் ஃபிளக்ஸ் வைத்து மறுபடி உருக்குங்கள்.

சிபிஎல்டி-யின் நெருக்கமான கால்களில் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தால், நுண் சால்டர் பழக்கம் இல்லாதவர்கள் கை வைக்க வேண்டாம். போர்டு செய்து கொடுத்தவரிடமே திருப்பி அனுப்புங்கள். அனுப்புமுன் வேறொரு பையில் ஒரு முறை எழுதிப் பாருங்கள். நான் பார்த்த அந்த ஒரே கெட்ட போர்டை உறுதி செய்தது அப்படித்தான்: மூன்று பைகளிலும் ஒரே பிழை.